தொழுவத்தில் கன்று இல்லை

மயிலாடியிலிருந்து தெற்கே இறங்கும் சாலையில், கல்பட்டறைகளின் உளிச்சத்தம் தேய்ந்து நின்றுபோகும் இடத்தில், ஒரு கரும்பாறையின் முதுகின்மேல் பாறைவீடு இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் அதை அடையாளம் காட்டித்தான் வழி சொல்வார்கள். அந்த வீட்டு முற்றத்தில் ஒரு நாள் முற்பகலில் ஜீப் ஒன்று வந்து நின்றது.

பொன்னுலிங்கம் நேரியலை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். எழுபது தாண்டியும் அவர் முதுகு வளைந்ததில்லை. மனைவி போய்ச் சேர்ந்தபின் நாகர்கோவிலில் அடுக்குமாடியில் இருக்கும் மகன் அனில்குமார் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தான். பாறைவீட்டுக்காரன் இன்னொருவன் தலைக்கு மேலே குடியிருக்க மாட்டான் என்று சொல்லிவிட்டார். தனியாகவே இருந்தார்.

ஜீப்பிலிருந்து இறங்கியவள் பெயர் அபினா. மார்த்தாண்டத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் நில அதிர்வுகளை ஆராய்பவள். போன வாரம் கடலுக்கு அடியில், கரையிலிருந்து வெகுதொலைவில், நிலம் நடுங்கியிருந்தது. கடியப்பட்டணத்தில் மணலில் ஏற்றி வைத்த வள்ளங்கள் ஒன்றோடொன்று உரசின. நாகர்கோவிலில் அடுக்களைப் பாத்திரங்கள் கிலுங்கின. பாறைவீட்டில் ஒரு விளக்குச் சுடர்கூட அசையவில்லை என்று பொன்னுலிங்கம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சுதான் அவளை இங்கே கொண்டுவந்திருந்தது.

"கடலுக்கடியில இனியும் கொஞ்ச நாளைக்குச் சின்னச் சின்னதா நடுங்கும் ஐயா. அதுக்காக்கும் கடற்கரை மணல்ல ஒரு கருவி, செம்மண்ணுல ஒண்ணு, பாறையில ஒண்ணுன்னு வைக்கோம். ஒரே நடுக்கத்துக்கு மணலு எவ்வளவு ஆடுது, பாறை எவ்வளவு ஆடுதுன்னு பாக்கணும். இதுல பாறைதான் அளவுகோலு."

"அப்போ எங்க வீட்ட வச்சுத்தான் மத்த மண்ணையெல்லாம் அளப்பீங்க."

"அப்படியும் சொல்லலாம்."

பொன்னுலிங்கத்துக்கு அந்தச் சொல் தொண்டையில் தேனாக இறங்கியது.

மதிலுக்கு அந்தப் பக்கம் வெற்றிலை மென்றபடி தாணு நின்றார். சித்தப்பா மகன், ஒரே வயது. பிறந்த நாள் முதலாகப் பொன்னுலிங்கத்தைக் கிண்டல் செய்வதே அவர் தொழில். "ஏலே பொன்னு, உன் வீட்டுல அளக்கதுக்கு என்னலே இருக்கு? பிள்ளே, நீ எங்க வீட்டுக்கு வா. எங்க வீடும் பாறையிலதான் நிக்குது. நிலவறையும் உண்டு. அதுக்குப் பூட்டு கிடையாது."

பூட்டு என்ற சொல்லைத் தாணு அழுத்திச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று தெரியவில்லை.

அபினா வீடு முழுக்க நடந்து, அறைக்கு அறை குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தாள். எங்கும் மண் நிரப்பித் தளம் போட்டிருந்தது. "வெறும் பாறை தெரியுத எடம் எங்கயும் இல்லியா ஐயா? இல்லேன்னா அந்தப் பெரியவரு வீட்டுலயே வச்சிருவோம்."

தாணு மதில்மேல் முழங்கையை ஊன்றிச் சிரித்தார்.

பொன்னுலிங்கம் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தார்.

நெல் போட்டு வைத்த அறைப்புரைக்குள், ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் ஒரு கதவு. இரண்டு விரற்கடை கனத்தில் அயினிப் பலகை. வெளிப்பக்கம் பூட்டுப் போட்ட இரும்புத் தாழ். அதைத் திறந்ததும் குளிர்ந்த காற்று ஒன்று, உள்ளேயே வெகுநாள் உட்கார்ந்திருந்து அலுத்ததுபோல, மெல்ல வெளியேறியது. பழைய உமி, ஈரக்கல், வௌவால் எச்சம். எல்லாவற்றுக்கும் அடியில், இருக்கவே முடியாத ஒரு வாசனையாக, வாடிய பிச்சிப்பூ.

பாறையிலேயே வெட்டிய படிகள் கீழே இறங்கின. நிலவறைக்குச் சன்னல் இல்லை. மேல்மூலையில் காற்றுக்காக விட்டிருந்த துவாரத்தை யாரோ எப்போதோ செங்கலும் சுண்ணாம்பும் வைத்து அடைத்திருந்தார்கள். யார், எப்போது என்பது பொன்னுலிங்கத்துக்குத் தெரியும்.

கருவி பார்க்க நெல் அளக்கும் சின்ன மரக்கால்போல இருந்தது. அபினா அதைப் பாறைத்தரையில் வைத்து, மட்டம் பார்த்து, வடக்கு நோக்கித் திருப்பினாள். ஒயரை மாடிக்கு இழுத்து ஒரு பெட்டியில் மாட்டினாள். அங்கிருந்து போன் சிக்னலில் எல்லாம் நாகர்கோவிலுக்குப் போய்விடுமாம். மடிக்கணினியைத் திறந்து, காலால் தரையை ஒரு மிதி மிதித்தாள். திரையில் ஓடிய மூன்று கோடுகளும் துள்ளி விழுந்தன.

"பாத்தியளா? இங்க யாராவது ஒரு தட்டு தட்டினா, நாங்க அங்க இருந்தே பாத்துருவோம்."

எழும்போது மூலையில் அவள் டார்ச் வெளிச்சம் பட்டது. "இந்தக் கல்லு மட்டும் வேற நெறமா இருக்கே ஐயா. அடியில பொள்ளலா குழியா கெடக்கா?"

"நெல்லுப் பத்தாயம் நின்ன கல்லு. அடியில பாறை. எங்க வீட்டுக்கு அடியில எல்லாம் பாறை."

அவள் தலையாட்டினாள். கதவைச் சாத்தினார்கள்.

அதன்பின் சில நாள்கள் பாறைவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் பொன்னுலிங்கம் கருவியைப் பற்றிப் பேசினார். தாணுவின் காதில் விழும்படி பேசினார். சாப்பிட உட்காரும்போது மட்டும், காலுக்கடியில் ஏதோ கேட்கிறதா என்று அவர் கை தானாகவே நின்றுவிடும்.

கேட்கத்தான் செய்தது.

அடுத்த வாரம் அபினா வந்தாள். முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. கடலடியில் பலமுறை நடுங்கியிருந்தது, எல்லாம் பதிவாகியிருந்தன. மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். கடியப்பட்டணத்து மணலின் கோடு சூறைக்காற்றில் தென்னைபோலப் பேயாட்டம் ஆடியிருந்தது. அதே நடுக்கத்துக்குப் பாறைவீட்டின் கோடு, தூங்குகிறவன் மூச்சுபோல ஏறி இறங்கியிருந்தது.

"கண்டியா மோளே. எங்க பாறை."

"ஆனா ஒரு சங்கடம் உண்டு ஐயா." அவள் விரலால் இன்னோர் இடத்தைக் காட்டினாள். "நடுக்கம் அடங்கினதும் இது வருது. ஒவ்வொரு தடவையும். கடல்லேருந்து வரல்ல. ரொம்பப் பக்கத்துல. பட்டறைக்காரங்க உளின்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமையும் வருது."

திரையில் சிறிய கூர்மையான மேடுகள். அடுத்தடுத்து இரண்டு. ஓர் இடைவெளி. பிறகு ஒன்று, மெதுவாக.

பொன்னுலிங்கத்தின் முதுகு நேராகவே இருந்தது.

"கன்னுக்குட்டியாக்கும்," என்றார். "பின்னால தொழுவத்துல கெட்டியிருக்கேன். தரை ஆடினா பயந்து காலத் தட்டும். அதக் கணக்குல எடுக்காண்டாம்."

"இப்ப இல்லியோ?"

"மேய்ச்சலுக்குப் போயிருக்கு."

அவள் நம்பினாள். படித்த பெண், பெரியவர் பேச்சைச் சந்தேகப்படாமல் வளர்க்கப்பட்டவள். இந்தத் தட்டின் வடிவத்தைக் கணினிக்குக் காட்டிக் கொடுத்துவிட்டால், அதுபோல எது வந்தாலும் அதுவே அடையாளம் கண்டு பதிவிலிருந்து எடுத்து வீசிவிடும் என்றாள். "உங்க கன்னுக்குட்டிக்குன்னே ஒரு வடிகட்டி," என்று சிரித்தாள். போகும்போது படியில் நின்றாள். "எதுக்கும் அந்த மூலைக்கல்ல ஒருநாள் எளக்கிப் பாத்துருவோம் ஐயா. கல்லு ஆடிச்சின்னாலும் அளவு கெட்டுப்போவும். திங்கக்கிழம ரெண்டு ஆளக் கூட்டிட்டு வாறேன்."

"கல்லு ஆடாம நான் சிமெண்டு வச்சுப் பூசித் தாறேன். ஆளு ஒண்ணும் வேண்டாம்."

"அப்பச் சரி. பூசிட்டுச் சொல்லுங்க. ஆடாட்டா நான் எதுக்கு எளக்கப் போறேன்?"

ஜீப் போனபிறகும் பொன்னுலிங்கம் வாசலிலேயே நின்றார்.

பாறைவீட்டில் கன்றும் இல்லை, பசுவும் இல்லை. தொழுவத்தின் கூரை விழுந்து செடி முளைத்திருந்தது.

அந்தத் தட்டை அவர் முன்பு நிலவறைக் கதவில் கேட்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அவருடைய அக்கா முத்துக்கனி, கடியப்பட்டணத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் ஒரு வள்ளக்காரனோடு போகத் துணிந்தாள். போகுமுன் பிடித்துவிட்டார்கள். கோயில் கொடைத் திருவிழா நேரம்; வீடு நிறைய உறவுக்காரர்கள். அழுகிற பெண்ணை யார் கண்ணிலும் காட்ட முடியாது என்று அப்பா அவளை நிலவறையில் விட்டார். அழுகை வெளியே கேட்டுவிடும் என்று காற்றுத் துவாரத்தை அடைத்தார். கதவுக்குக் காவலாகப் பொன்னுலிங்கத்தை உட்காரவைத்து, தட்டினாலும் திறக்காதே என்றார்.

அவள் தட்டினாள். பாறைவீட்டுக் குழந்தைகள் எந்தக் கதவைத் தட்டினாலும் அப்படித்தான் தட்டுவார்கள்: அடுத்தடுத்து இரண்டு, பிறகு மெதுவாக ஒன்று.

அவன் திறக்கவில்லை. கொடை முடிந்து உறவுக்காரர்கள் போனபோது தட்டு நின்றிருந்தது.

மூலையில் பாறை இயல்பாகவே பிளந்து ஒரு பள்ளம் உண்டு. அதன்மேல் கல் வந்தது. முத்துக்கனியைக் கொழும்பில் கட்டிக் கொடுத்தாயிற்று என்று ஊருக்குச் சொன்னார்கள். கொழும்பில் இருப்பவளுக்கு இங்கே எப்படிச் சடங்கு செய்ய முடியும்? மணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக வைத்து, ஆண்டுதோறும் ஓலைப்பெட்டியில் புதுச் சிற்றாடையும் வளையலும் பிச்சிப்பூவும் வைத்துக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். தாணு வீட்டில்கூட அப்படி ஒரு பெட்டி தொங்குகிறது. கொடுத்தால் அவள் வீட்டைக் காப்பாள். கொடுக்காவிட்டால் கேட்பாள். அம்மா ஒருமுறை ரகசியமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தாள். "யாருக்கு? இந்த வீட்டுல யாரு செத்தா?" என்றார் அப்பா. அம்மா வளையலைக் குளத்தில் போட்டுவிட்டு வந்தாள்.

அந்தக் கேள்வியைப் பொன்னுலிங்கம் பரம்பரைச் சொத்துபோலக் காத்து வந்தார். இந்த வீட்டில் யார் செத்தா? யாருமில்லை.

மறுநாள் பிற்பகல், வெயில் தென்னைமரங்களுக்கு மேற்கே சாய்ந்த நேரம், அவர் சட்டியில் சிமெண்டும், பூசுகிற கரண்டியான கொல்லுறுவும், டார்ச்சும் எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினார். கதவைப் பாதி சாத்தி வைத்தார். தாணு எட்டிப் பார்க்கக்கூடாது. கருவியில் ஒரு பச்சைப் பொட்டு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

கல்லின் விளிம்பைச் சுற்றி மயிர்க்கீற்றாக ஓர் இடைவெளி விட்டிருந்தது. அதிலிருந்து காற்று வந்தது.

குளிர்ந்த காற்று. பிச்சிப்பூ வாசனை.

அவர் மண்டியிட்டுச் சிமெண்டை அள்ளி விளிம்பில் அப்பினார். ஒரு பக்கம். இரண்டாம் பக்கம். இழைத்து வழித்தார். கைவேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு எதிலும் பிடிவாதம். கடைசி மூலையைப் பூசி முடித்தபோது முழங்காலுக்குக் கீழே தரை ஒருமுறை வழுக்கியது.

கடல் நடுங்கியது.

மணலில் என்னவாகியிருக்குமோ, பாறையில் அது ஒரு நீண்ட பெருமூச்சுதான். ஆனால் பழைய வீடு. மேலே நிலைக்கல் ஒரு நகம் அளவு இறங்கிற்று. பாதி சாத்திய அயினிக் கதவு உறுமிக்கொண்டு வந்து சட்டத்துக்குள் சிக்கி நின்றது.

அவர் படியேறித் தோளால் முட்டினார். அசையவில்லை. டார்ச் படியில் உருண்டு விழுந்து அணைந்தது. போன் மேலே மேசையில் இருந்தது.

"தாணு," என்று கூப்பிட்டார். குரல் பலகையில் முட்டித் திரும்பி வந்தது. துவாரம் நன்றாகத்தான் அடைக்கப்பட்டிருந்தது. இங்கிருந்து கூப்பிட்டால் கேட்காது என்று மற்ற யாரையும்விட அவருக்குத் தெரியும்.

இருட்டில் பச்சைப் பொட்டு மின்னியது.

கருவி.

யாராவது ஒரு தட்டு தட்டினா நாங்க அங்க இருந்தே பாத்துருவோம்.

அவர் கொல்லுறுவின் பிடியால் தரையைத் தட்டினார். நம்பிக்கையோடு தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டினார். கை ஓய்ந்து நின்றபோதுதான், தான் தட்டிய விதம் அவர் காதிலேயே விழுந்தது.

அடுத்தடுத்து இரண்டு. பிறகு மெதுவாக ஒன்று.

பிறந்து வளர்ந்த வீட்டின் பழக்கம். கைக்கு வேறு தெரியவில்லை.

நாகர்கோவிலில் கணினி அதைப் பார்க்கும். நிலம் நடுங்கி அடங்கியதும் வருகிற தட்டு. பழகிய வடிவம். கன்றுக்குட்டி என்று எடுத்து வீசிவிடும்.

அவர் வேறு மாதிரி தட்டிப் பார்த்தார். கை இரண்டு தட்டியதும் தானாக நின்றது. பிறகு ஒன்று. வியர்வை கண்ணில் இறங்கியது. மூச்சு குறுகியது. உள்ளே காற்று இத்தனை கொஞ்சமாகவா இருக்கும்?

அப்போது மூலையில் கல்லுக்கு அடியில் யாரோ பதில் தட்டினார்கள்.

இரண்டு.

ஒன்று.

அவர் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சுவர் பனிக்கட்டியாக இருந்தது. ஈரச் சிமெண்டின் மேல் ஏதோ மெதுவாக உரசும் ஓசை. மாவு பிசைகிற ஓசை.

"மக்கா."

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். வயதாகாத குரல்.

"மக்கா, தொறலே."

அன்று கதவுக்கு அப்பால் கேட்ட அதே குரல்.

"மூச்சு முட்டுதுலே."

"எனக்கும்தான் முட்டுது," என்றார் பொன்னுலிங்கம். அறுபது ஆண்டுக்குப் பக்கமாகச் சேர்த்து வைத்த கௌரவமெல்லாம் அந்தக் குரலில் உடைந்து, சிறுவனின் அழுகைபோல வந்தது. "அக்கா. எனக்கும் முட்டுது."

பச்சைப் பொட்டு மின்னியது. அணைந்தது. மின்னியது.

"எனக்கு வச்சுத் தருவியா?"

"தாறேன்."

"எல்லாருக்கும் முன்னால?"

"எல்லாருக்கும் முன்னால. பெட்டி வாங்கி, சிற்றாடை வாங்கி, உன் பேரச் சொல்லி வச்சுத் தாறேன். இங்கேருந்து என்னை வெளிய விடு."

"அப்பத் தட்டு."

அவர் தட்டினார். இரண்டு, ஒன்று. அவர் தட்டி நிறுத்திய இடைவெளிகளில், கல்லுக்கு அடியிலிருந்து மற்ற தட்டுகள் வந்து விழுந்தன. ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறிக் குத்துவதுபோல, இடறாமல், முட்டாமல், ஒன்றுக்குள் ஒன்றாக. சின்ன வயதில் அக்காவும் அம்மாவும் அப்படித்தான் குத்துவார்கள். கை ஓய்ந்தபோதெல்லாம் அந்தத் தட்டு அவரை இழுத்துக்கொண்டு போயிற்று.

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. மேலே கடப்பாரை கதவில் இறங்கும் ஓசை கேட்டது.

"ஏலே பொன்னு. உயிரோட கெடக்கியா?" தாணுவின் குரல்.

நிலைக்கல் நெம்பப்பட்டது. கதவின் இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்து, படி வழியாக நீண்டு, மூலைவரை வந்தது. அந்த வெளிச்சத்தில் பொன்னுலிங்கம் கல்லைப் பார்த்தார். தான் இழைத்து வழித்த ஈரச் சிமெண்டில் ஒரு கை பதிந்திருந்தது. சிறிய கை. விரல்கள் விரிந்து, உள்ளேயிருந்து வெளியே வருவதுபோல, அந்தப் பக்கத்திலிருந்து பதிந்த கை.

கதவு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

பாறைவீட்டுப் பொன்னுலிங்கம் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். மூலைக்குப் போய், வலது காலால் அந்தக் கையை அழித்தார். விரல் விரலாக. குதிகாலை வைத்துத் திருகி, தடம் தெரியாமல் தேய்த்தார்.

காலுக்கடியில் எந்த எதிர்ப்பும் இல்லை. அதுதான் அவரை நடுங்கவைத்தது.

தாணுவும் அபினாவும் பக்கத்துத் தெரு ஆட்கள் சிலரும் அவரைத் தூக்கி முற்றத்தில் உட்காரவைத்தார்கள். இன்னும் அந்தி வெளிச்சம் இருந்தது. யாரோ இளநீர் கொடுத்தார்கள்.

"வடிகட்டி எல்லாத்தையும் கன்னுக்குட்டின்னுதான் தள்ளிட்டிருந்துது," என்றாள் அபினா. மூச்சு வாங்கியது அவளுக்கு. "பொறவு திடீருன்னு அதால முடியல்ல. ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு தட்டு. கன்னுக்குட்டி ஒண்ணுதானேன்னு தோணிச்சு. உங்களுக்குப் போன் அடிச்சேன், எடுக்கல்ல. இந்தப் பெரியவருக்க வீட்டு நம்பரத் தேடிப் பிடிச்சேன். கன்ன ஒருக்கப் போய்ப் பாருங்கன்னு சொல்லிட்டு ஜீப்ப எடுத்தேன்."

"பாறைவீட்டுல ஏது பிள்ளே கன்னு, தொழுவமே இடிஞ்சு கெடக்கேன்னேன்," என்றார் தாணு. இம்முறை அவர் முகத்தில் கிண்டல் இல்லை. "கூப்பிட்டா பதிலக் காணல்ல, நிலவறைக் கதவு சிக்கிக் கெடந்துது. கடப்பாரைய எடுத்துட்டு ஓடி வந்தேன்."

அபினா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "ஐயா. உள்ள உங்ககூட யாரு இருந்தா?"

முற்றத்தில் எல்லோரும் இருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் என்றுதான் சொல்லியிருந்தார். ஒரு பெயர்; அவ்வளவுதான். சொல்லிவிட்டால் போதும். தாணு கேட்பார்: அப்போ கொழும்பு? ஊர் கேட்கும். அப்பாவின் பெயர் மயிலாடிப் பட்டறைகளில், டீக்கடைகளில், கல்யாண வீடுகளில் உருளும்.

பொன்னுலிங்கம் முதுகை நிமிர்த்தினார்.

"யாருமில்ல. நாந்தான் ரெண்டு கையாலயும் தட்டினேன்."

நிலவறைக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

அனில்குமார் வந்து, இந்தத் தடவை கேட்காமல், அவரைக் காரில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனான். நாலாவது மாடி. வழவழப்பான டைல்ஸ் தரை. சன்னலில் நின்றால் தண்ணீர்த் தொட்டிகளும் கேபிள் ஒயர்களும் தெரிந்தன. பாறை எங்கோ தொலைவில் இருந்தது. பொன்னுலிங்கம் பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

ஒரு நாள் காலை அபினா போனில் பேசினாள். அவர் இல்லாதபோதும் கருவி அங்கேயேதான் இருந்தது.

"சுகமா இருக்கியளா ஐயா? ஒரு நல்ல காரியம் சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க பாறை இப்பதான் அசல் பாறையா இருக்கு. நேத்தும் கடல்ல நடுங்கிச்சு. நடுக்கம் மட்டும்தான் பதிவாயிருக்கு. ஒரு தட்டு இல்ல. கன்னில்ல, அந்தக் கல்லுதான் ஆடியிருக்கு; நீங்க பூசினது நல்லதாப் போச்சு."

"ஒண்ணுகூட இல்லியா?"

"ஒண்ணுகூட இல்ல. இவ்வளவு அமைதியான எடம் எங்ககிட்ட வேற கிடையாது."

போனை வைத்துவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார். அக்கா போய்விட்டாள். அவர் கொடுத்த வாக்கைச் செய்யாமலே, எப்படியோ போய்விட்டாள். வெறுங்காலைத் தரையில் நீட்டினார்.

காலுக்கடியில் டைல்ஸ் ஒருமுறை அதிர்ந்தது.

இன்னொரு முறை.

பிறகு, மெதுவாக.

சற்றுப் பொறுத்து அனில்குமார் அறைக்குள் வந்தான். "அப்பா, கீழ் வீட்டுக்காரரு வந்து நிக்காரு. அவருக்கு மேல, கான்கிரீட்டுல யாரோ விடாம தட்டுகாங்கன்னு சொல்லுகாரு. நாங்க கேட்டா நம்ம தரைக்கு அடியில அவரு வீட்டுலேருந்து வாறமாதிரி இருக்கு. அவரு வீட்டுலயும் யாரும் தட்டல்லியாம். உங்களுக்கு ஏதாவது கேட்டுதா?"

மகனுக்கு ஒரு அத்தை கொழும்பில் இருந்ததாகத்தான் தெரியும்.

"நாந்தான்," என்றார் பொன்னுலிங்கம். "கம்பு ஊணி நடந்து பழகுகேன். வயசாச்சுல்லா."

"உங்ககிட்ட ஏதுப்பா கம்பு?"

"கீழ வாச்சுமேன்கிட்ட வாங்கினேன். திருப்பிக் கொடுத்துட்டேன்."

அன்று மாலையே அனில்குமார் ரப்பர்ப் பூண் வைத்த கம்பு ஒன்று வாங்கிவந்தான். பூணைப் பொன்னுலிங்கம் யாரும் பார்க்காதபோது கழற்றி வீசினார். ரப்பர் தரையில் தட்டாது; கேட்கிற தட்டெல்லாம் கம்பினுடையது என்று எல்லோரும் நம்ப வேண்டும்.

இப்போது அந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நாலாவது மாடிப் பெரியவர் சதா நடந்துகொண்டே இருக்கிறார், ஒரு நிமிடம் உட்காருவதில்லை, நல்ல தெம்பு என்கிறார்கள். முதுகு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வருகிறது. அறைக்குள் சுவருக்குச் சுவர் நடக்கிறார். கம்பை ஊன்றுகிறார், எடுக்கிறார், ஊன்றுகிறார்.

அவர் ஊன்றி நிறுத்தும் ஒவ்வோர் இடைவெளியிலும், ஒரே உரலில் குத்துகிற இன்னொரு கைபோல, இடறாமல், முட்டாமல், தரைக்குள்ளிருந்து மற்றது விழுகிறது.